350 மில்லியனும் 4,300 பவுண்டும்: இரண்டும் ஒரே பொய்தானா?

ஒரு வாசகரின் கேள்வி — 2024 ஜூன் 7

பிரெக்சிட் என்றாலே எல்லோரும், ‘ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரம் 350 மில்லியன் பவுண்டு அனுப்புகிறோம், அதைச் சுகாதார சேவைக்குக் கொடுப்போம்’ என்று எழுதி, பிரிட்டன் வெளியேற வேண்டும் என்றவர்கள் ஓட்டிய அந்தச் சிவப்புப் பேருந்தைத்தான் திட்டுகிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க வேண்டும் என்றவர்கள் மட்டும் அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளைகளா? வேலை போகும், வீட்டு விலை விழும், போர் வரும் என்று அவர்கள் பயமுறுத்தவில்லையா? இரு தரப்பும் ஒரே அளவுக்குத்தான் புளுகின. ஒரு பக்கத்தை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?

2024 ஜூன் 8, காலை

இரவுப் பணி முடிந்து வந்து இதைப் படித்தேன். படுத்தும் தூக்கம் வரவில்லை, எழுந்து எழுதுகிறேன்.

நான் லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்ற ஊரில் செவிலியர். 2002-இல் நாகர்கோவிலிலிருந்து வந்தேன். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் நாட்டிலேயே மிக அதிக விகிதத்தில் ‘வெளியேறு’ என்று சொன்ன ஊர் இதுதான்: 75.6 சதவீதம். நான் நீடிக்க வேண்டும் என்று வாக்களித்தேன். அப்போது என் கையில் இந்தியக் கடவுச்சீட்டுதான் இருந்தது. காமன்வெல்த் நாட்டுக் குடிமகள் என்பதால் எனக்கு வாக்கு உண்டு. அதே வார்டில் என்னோடு பத்து ஆண்டுகள் வேலை பார்த்த போர்ச்சுகல் தோழிக்கு வாக்கு இல்லை. அவளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

கேள்விக்கு வருகிறேன். நான்கு நாள் முன்பு தொலைக்காட்சித் தேர்தல் விவாதத்தில் பிரதமர் ரிஷி சுனக், தொழிற்கட்சி வந்தால் குடும்பத்துக்கு 2,000 பவுண்டு வரி கூடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்துப் போட்ட கூட்டுத்தொகை. கேட்பவருக்கு அது தெரிய வழியே இல்லை என்று புள்ளிவிவர ஒழுங்குமுறை அலுவலகம் இரண்டே நாளில் சொல்லிவிட்டது. எனக்கு உடனே 2016 ஏப்ரல் நினைவுக்கு வந்தது. அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், வெளியேறினால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,300 பவுண்டு இழப்பு என்றார். எங்கள் ஓய்வறையில் அந்தச் செய்தித்தாள் மேசைமேல் கிடந்தது. துப்புரவுப் பணியாளர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “என் சம்பளத்தில் நாலாயிரம் போனால் வாடகையை யார் கட்டுவது?” என்று கேட்டார்.

அந்தக் கணக்கு அப்படிப் போட்டதே இல்லை. வெளியேறினால் 2030-இல் நாட்டின் மொத்தப் பொருளாதாரம், வெளியேறாமல் இருந்திருந்தால் எவ்வளவு இருக்குமோ அதைவிட 6.2 சதவீதம் சிறியதாக இருக்கும் என்பது மதிப்பீடு. அந்தத் தொகையைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தார்கள், 4,300 வந்தது. யாருடைய சம்பள உறையிலிருந்தும் போகிற பணமல்ல அது. நாடாளுமன்றத்தின் நிதிக் குழுவே மே மாதம் இதைக் கண்டித்தது.

ஆகவே நண்பரே, உங்கள் பாதிக் கேள்விக்கு ஆம். என் தரப்பும் எண்ணை வைத்து மிரட்டியது. ஆனால் ‘ஒரே அளவு’ என்பதை நான் ஏற்கவில்லை. பேருந்தில் எழுதியிருந்த வாரத்துக்கு 350 மில்லியன் பவுண்டு தவறான பொருள் தருகிறது என்று புள்ளிவிவர ஆணையத்தின் தலைவர் ஆண்ட்ரூ டில்னாட் ஏப்ரலிலேயே எழுதினார். மே 27-இல் இன்னும் கடுமையாக, இது அதிகாரபூர்வப் புள்ளிவிவரங்களின் மீதுள்ள நம்பிக்கையையே கெடுக்கிறது என்றார். பேருந்து நின்றதா? கடைசி நாள் வரை ஓடியது. தெரியாமல் தவறு செய்வது வேறு. நடுவர் விசில் ஊதிய பிறகும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவது வேறு.

ஜூன் 8, இரவு

350 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று மேலே சொல்லவில்லை. சொல்லாவிட்டால் நானும் எண்ணை வீசிவிட்டுப் போனவளாகிவிடுவேன்.

பிரிட்டன் செலுத்த வேண்டிய மொத்தத் தொகையை 52 வாரங்களால் வகுத்தால் 350 பக்கம் வரும். ஆனால் மார்கரெட் தாட்சர் 1984-இல் வாதாடி வாங்கிய தள்ளுபடி ஒன்று இருந்தது. அந்தப் பணம் பிரிட்டனை விட்டுப் புறப்பட்டதே இல்லை, அனுப்பும் முன்பே கழித்துவிட்டார்கள். கழித்தால் 2015-இல் வாரத்துக்கு ஏறக்குறைய 250 மில்லியன். அதிலிருந்து உழவர் மானியமாகவும் பின்தங்கிய வட்டாரங்களுக்கான நிதியாகவும் திரும்பி வந்ததைக் கழித்தால் 160 மில்லியன் அளவில் நிற்கும். எங்கள் ஊர் முட்டைக்கோஸ் வயல்களுக்கும் அந்த மானியம் வந்தது.

ஆக எண் முழுக்கக் கற்பனையல்ல, இரு மடங்குக்கு மேல் ஊதப்பட்ட உண்மை. அதனால்தான் அதை எதிர்ப்பது அவ்வளவு கடினமாக இருந்தது. “350 இல்லை, 250தான்” என்று நாங்கள் சொல்லச் சொல்ல, “அப்படியானால் வாரத்துக்கு 250 மில்லியன் போவது உண்மைதானே?” என்று திரும்பக் கேட்டார்கள். வெளியேறு அணியின் பிரசாரத்தை நடத்திய டொமினிக் கம்மிங்ஸ் 2017 ஜனவரியில் இதை ஒளிவுமறைவின்றி எழுதினார். விவாதத்தைக் கிளப்பவே அந்த எண்ணைப் பயன்படுத்தினோம் என்றும், 350 மில்லியனும் சுகாதார சேவையும் இல்லாமல் வென்றிருக்க மாட்டோம் என்றே தங்கள் ஆய்வுகள் காட்டின என்றும் சொன்னார்.

நான் ஓய்வறையில் அந்தத் துப்புரவுப் பணியாளரிடம் கால் மணி நேரம் இந்தத் தள்ளுபடிக் கணக்கை விளக்கினேன். நான் செய்தது அவர்களுக்கான விளம்பரம்தான் என்று ஓராண்டு கழித்துத்தான் புரிந்தது.

ஜூன் 10

“படித்தவர்கள் யாரும் இதையெல்லாம் நம்பியிருக்க மாட்டார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் கண்டதைச் சொல்கிறேன்.

2016 மே மாதக் கடைசி. எங்கள் வார்டில் எண்பது வயது தாண்டிய விவசாயி ஒருவர் இருந்தார். சர்க்கரை நோயால் குதிகாலில் ஆறாத புண். நாள்தோறும் நான்தான் கட்டு மாற்றுவேன். பழைய கட்டைப் பிரிக்கும்போது வலி தெரியாமலிருக்க அவரைப் பேச்சில் வைத்திருப்பது என் வழக்கம். நிலம், மழை, உருளைக்கிழங்கு என்று எதையாவது கேட்பேன். அன்று அவர் கையில் ஒரு துண்டறிக்கை வைத்திருந்தார். ‘உண்மைகள்’ என்று தலைப்பு. உள்ளே ஒரு வரைபடம். ஒன்றியத்தில் சேர இருக்கும் நாடுகள் என்று துருக்கி, செர்பியா, அல்பேனியா எல்லாம் நிறம் தீட்டப்பட்டிருந்தன. துருக்கியின் அண்டை நாடுகளில் இரண்டுக்கு மட்டும் பெயர் போட்டிருந்தார்கள்: சிரியா, இராக்.

அவர் விரலை இராக்கின் மேல் வைத்து, “இவர்கள் எல்லோரும் இங்கே வந்தால் எனக்குக் கட்டு மாற்ற உனக்கு நேரம் கிடைக்குமா?” என்று கேட்டார். குரலில் கோபம் துளியும் இல்லை. பயம்தான். கால் போய்விடுமோ என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருந்த மனிதர் அவர்.

“நானும் வெளியிலிருந்து வந்தவள்தானே?” என்றேன். “உன்னைச் சொல்லவில்லை அம்மா, நீ எங்களோடு இருப்பவள்” என்றார். இதைச் சொல்லாத வெள்ளைக்கார நோயாளி எங்கள் வார்டில் குறைவு.

துருக்கி 1987-இல் விண்ணப்பித்தது. பேச்சுவார்த்தை 2005-இல்தான் தொடங்கியது. பேசி முடிக்க வேண்டிய 35 அத்தியாயங்களில் 2016 வரை முடிந்திருந்தது ஒன்றே ஒன்று. எந்த ஓர் உறுப்பு நாடும் ‘வேண்டாம்’ என்றால் அத்தோடு நின்றுவிடும்; பிரிட்டனுக்கும் அந்த உரிமை இருந்தது. ஆனால் மே 22-இல் தொலைக்காட்சியில், அப்போது அமைச்சராக இருந்த பென்னி மார்டண்ட், பிரிட்டனால் தடுக்க முடியாது என்று சொன்னார். பிரதமர் டேவிட் கேமரன் அன்றே மறுத்தார். மறுப்பு அந்த விவசாயியின் கட்டிலுக்கு வந்து சேரவில்லை, துண்டறிக்கை வந்து சேர்ந்தது.

ஜூன் 11

நேற்று எழுதியதில் ஒரு குறை. அந்த முதியவரின் பயம் முழுவதும் துண்டறிக்கையிலிருந்து வந்தது போல எழுதிவிட்டேன். அப்படியல்ல. 2004-க்குப் பிறகு போலந்திலிருந்தும் லித்துவேனியாவிலிருந்தும் இந்தச் சிறிய ஊருக்கு ஆயிரக்கணக்கானோர் காய்கறி வயல்களுக்கும் பொதிக் கூடங்களுக்கும் வந்தார்கள். ஒரே வீட்டில் பத்துப் பேர் தங்கினார்கள். வாடகை ஏறியது. மருத்துவரைப் பார்க்க வரிசை நீண்டது. பள்ளிகளும் மருத்துவமனையும் அதற்கேற்ப வளரவில்லை. இதைப் பல ஆண்டுகள் சொல்லிப் பார்த்தும் லண்டனில் யாரும் காதில் வாங்கவில்லை. அந்தக் குறை உண்மையானது. அதற்கு உள்ளூரிலேயே பதில் தேடியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவர் கையில் இராக்கின் வரைபடத்தைக் கொடுத்தார்கள். என் கோபம் இதில்தான்.

ஜூன் 13

“உங்கள் தரப்பின் பொய்களை ஏன் மெல்ல நழுவவிடுகிறீர்கள்?” என்று கேட்டவருக்கு.

நழுவவிடவில்லை, சொல்கிறேன். 2016 மே 23-இல் நிதியமைச்சகம் இரண்டாவது அறிக்கை வெளியிட்டது. ‘வெளியேறு’ என்று வாக்களித்த உடனேயே பொருளாதார மந்தம், ஏறக்குறைய ஐந்து லட்சம் பேருக்கு வேலை இழப்பு, வீட்டு விலை 10 சதவீதம் குறைவு. அது மென்மையான கணக்கு. கடுமையான கணக்கில் எட்டு லட்சம் பேருக்கு மேல், வீட்டு விலை 18 சதவீதம். என்ன நடந்தது? மந்தம் வரவில்லை. வேலையின்மை 4.9 சதவீதத்திலிருந்து குறைந்துகொண்டே போய் 2019-இல் 4-க்குக் கீழே வந்தது.

ஜூன் 15-இல் இன்னும் மோசம். வெளியேறினால் அவசர பட்ஜெட் போட வேண்டிவரும், 30 பில்லியன் பவுண்டு ஓட்டையை அடைக்க வருமான வரி ஏறும், சுகாதாரச் செலவும் வெட்டப்படும் என்றார் ஆஸ்போர்ன். அவருடைய கட்சியைச் சேர்ந்த 57 உறுப்பினர்களே எதிர்த்து வாக்களிப்போம் என்று அறிவித்தார்கள். மக்களைப் பார்த்து, “இப்படி வாக்களித்தால் உங்களுக்குத் தண்டனை” என்று சொல்வது போலத்தான் அது எங்கள் வார்டில் ஒலித்தது. மாணவச் செவிலியர் ஒருத்தி, அதுவரை எந்தப் பக்கம் என்று தீர்மானிக்காதவள், அன்று மாலை ‘வெளியேறு’ பக்கம் போய்விட்டாள். “என்னைக் குழந்தை மாதிரி மிரட்டுகிறார்கள்” என்றாள். அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

‘பயத் திட்டம்’ என்று இந்தப் பிரசாரத்தின் மேல் எதிரிகள் ஒட்டிய பெயர் கூட 2016-இல் பிறந்ததல்ல. 2014 ஸ்காட்லாந்து வாக்கெடுப்பின்போது, பிரியக் கூடாது என்ற அணியின் அலுவலகத்துக்குள்ளேயே விளையாட்டாகப் புழங்கி, வெளியே கசிந்த பெயர். ஸ்காட்லாந்தில் பயம் வென்றது, 55 சதவீதம். அதே மருந்து மறுபடியும் வேலை செய்யும் என்று கேமரனும் ஆஸ்போர்னும் நம்பினார்கள்.

பவுண்டு விழும் என்றார்களே, அது மட்டும் நடந்தது. வாக்கெடுப்பு நாளில் ஒரு பவுண்டு 100 ரூபாய்க்கு அருகில் இருந்தது. அக்டோபரில் 82 பக்கம். அந்த ஆண்டுதான் நாகர்கோவிலில் அம்மாவுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். கான்கிரீட் போடும் மாதம். தம்பி தொலைபேசியில், “அக்கா, போன மாதம் அனுப்பின அளவுதானே அனுப்பினாய், எப்படிக் குறைந்தது?” என்று கேட்டான். மாடிப்படி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

ஜூன் 14

நேற்றைய குறிப்புக்கு ஒரு திருத்தம். நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். அந்த மே மாத அறிக்கை, வாக்கெடுப்பு முடிந்த உடனே வெளியேறும் அறிவிப்பைக் கொடுத்துவிடுவார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டது. கேமரனும் அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆனால் அவர் பதவி விலகினார், அறிவிப்பு 2017 மார்ச் 29-இல்தான் போனது. இடையில் இங்கிலாந்து வங்கி ஆகஸ்டில் வட்டியை 0.25 சதவீதமாகக் குறைத்துப் பணத்தையும் இறக்கியது. மருந்து கொடுத்த பிறகு காய்ச்சல் வரவில்லை என்றால், காய்ச்சலே பொய் என்று சொல்ல மாட்டோம்.

ஆனாலும் அறிக்கையை வெளியிட்டபோது, “இன்னின்னது நடந்தால்தான் இது” என்ற வரியை யாரும் மேடையில் படிக்கவில்லை. நோயாளியிடம் ‘வரலாம்’ என்பதை ‘வரும்’ என்று நான் சொன்னால் என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்.

ஜூன் 16

எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே நாள் காலை, வெளியேற வேண்டும் என்று பிரசாரம் செய்த நைஜல் ஃபராஜ் ஒரு சுவரொட்டியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார். ‘உடையும் புள்ளி’ என்று பெரிய எழுத்து, இனியும் தாங்காது என்ற பொருளில். பின்னால் நீண்டு வளைந்து செல்லும் மனித வரிசை. அந்தப் படம் 2015 அக்டோபரில் குரோவேஷியா – ஸ்லோவேனியா எல்லையில் எடுத்தது. அதில் நடப்பவர்கள் அகதிகள். பிரிட்டனின் எல்லைக்கும் அந்த வரிசைக்கும் தொடர்பே கிடையாது. நான் 1990-களில் மண்டபம் அகதிகள் முகாமில் ஒரு மாதம் செவிலியர் பயிற்சி பெற்றவள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பவரின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முகங்களைப் போய்ப் பூச்சாண்டி ஆக்கினார்கள்.

அன்று மதியம் மேற்கு யார்க்‌ஷயரில், தொகுதி மக்களைச் சந்திக்க நூலகத்துக்கு வந்த நாடாளுமன்ற உறுப்பினர், நீடிக்க வேண்டும் என்று பிரசாரம் செய்த ஜோ காக்ஸ், தெருவில் சுட்டும் குத்தியும் கொல்லப்பட்டார். வயது 41. இரண்டு சின்னப் பிள்ளைகள். சுவரொட்டியால்தான் கொலை என்று நான் சொல்லவில்லை. அந்தக் கொலைகாரன் பல ஆண்டுகளாக நாஜி வெறுப்பில் ஊறியவன். ஆனால் அன்று மாலை வார்டுத் தொலைக்காட்சியில் இரண்டு செய்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான் எழுந்து போய் அதை அணைத்தேன். ஒரு நோயாளிகூட ஏன் என்று கேட்கவில்லை.

இன்று வேறு எதுவும் எழுத மனமில்லை.

ஜூன் 18

வாழைப்பழக் கதையைக் கேட்டவருக்கு: ஆமாம், அதுவும் நடந்தது. மூன்று பழத்துக்கு மேல் சீப்பாக விற்க ஒன்றியம் தடை போட்டிருக்கிறது என்று வெளியேறு அணியின் முகமாக இருந்த போரிஸ் ஜான்சன் மே மாதம் ஒரு கூட்டத்தில் சொன்னார். அப்படி ஒரு விதியே இல்லை. 1994-இல் வந்த வாழைப்பழத் தர விதி மொத்த வியாபாரத்துக்கானது. நாகர்கோவிலில் மட்டியும் செவ்வாழையும் தாரோடு தொங்குவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, ஒரு நாட்டின் எதிர்காலம் வாழைச் சீப்பில் தொங்கியது தாங்க முடியாததாக இருந்தது.

‘நம் தேநீரை ஒழிக்கப் பார்க்கிறார்கள்’ என்று மின்கெட்டில் பற்றியும் வெளியேறு அணியினர் முகநூல் விளம்பரம் போட்டார்கள். இது எங்களுக்கு 2018-இல்தான் தெரிந்தது, நாடாளுமன்றக் குழு கேட்ட பிறகு முகநூல் நிறுவனம் அந்த விளம்பரங்களை ஒப்படைத்தபோது. எனக்கு வந்த விளம்பரம் பக்கத்து வீட்டுக்காரருக்கு வரவில்லை. அவருக்கு வந்தது எனக்கு வரவில்லை. பேருந்தையாவது எல்லோரும் பார்த்தோம், பதில் சொன்னோம்.

இன்னொன்று. இந்த நாட்டில் சோப்பு விளம்பரத்தில் பொய் சொன்னால் விளம்பரத் தர ஆணையம் நிறுத்தச் சொல்லும். அரசியல் விளம்பரம் 1999 முதல் அதன் வரம்புக்குள்ளேயே இல்லை.

ஜூன் 19

இப்போது நான் பரப்பிய எண்.

2017 ஜூனில் ஒரு செய்தி வந்தது. ஐரோப்பிய நாடுகளிலிருந்து பிரிட்டனில் பதிவு செய்யும் செவிலியர் எண்ணிக்கை 2016 ஜூலையில் 1,304. 2017 ஏப்ரலில் 46. தொண்ணூற்றாறு சதவீத வீழ்ச்சி! நான் அதைப் படமாக்கி உறவினர், நண்பர், பழைய வகுப்புத் தோழிகள் என்று இருந்த எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். ‘பிரெக்சிட் செய்த வேலை’ என்று மேலே எழுதினேன். வார்டு அறிவிப்புப் பலகையில்கூட ஒட்டினேன்.

சில வாரம் கழித்து எங்கள் மூத்த செவிலியர் என்னைத் தனியே அழைத்தார். “2016 ஜனவரியில் என்ன மாறியது, நினைவிருக்கிறதா?” என்றார். நினைவிருந்தது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோருக்கு இருந்த ஆங்கிலத் தேர்வு அந்த மாதம் ஐரோப்பியச் செவிலியருக்கும் வந்தது. விதி மாறுவதற்கு முன்பு விண்ணப்பித்தவர்களின் பதிவு முடிந்துகொண்டே வந்ததால்தான் ஜூலை எண் அவ்வளவு பெரியது. பிரெக்சிட்டுக்கும் பங்கு உண்டு, பவுண்டு விழுந்ததற்கும் பங்கு உண்டு, தேர்வுக்குப் பெரும்பங்கு உண்டு. இதை நான் அறியாதவளல்ல, அந்தத் தேர்வுக்குப் படிக்க இரண்டு ஸ்பானியப் பெண்களுக்கு நானே உதவியிருந்தேன். தெரிந்திருந்தும் எண் என் பக்கம் பேசியதால் கேள்வி கேட்கவில்லை.

பலகையிலிருந்து தாளைக் கிழித்துவிட்டேன். குழுக்களில் திருத்தம் அனுப்பினேன். முதல் செய்தியை ஊரெல்லாம் பகிர்ந்தவர்கள் திருத்தத்தை யாருக்கும் அனுப்பவில்லை.

ஜூன் 22

போர்ச்சுகல் தோழியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. உடை மாற்றும் அறை. 51.9-க்கு 48.1 என்று முடிவு தெரிந்துவிட்டது. அவள் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் முடிந்தது, மறு கால் கயிறு கையில் அப்படியே இருந்தது. “எங்களை என்ன செய்வார்கள்?” என்று கேட்டாள்.

“அனுப்பிவிடுவார்கள். இரண்டு வருடம். அதற்குள் ஏதாவது பார்த்துக்கொள்” என்றேன்.

யார் சொன்னார்கள் எனக்கு? யாரும் சொல்லவில்லை. ஏற்கெனவே இங்கிருப்பவர்களுக்குத் தானாகவே நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைக்கும் என்று வெளியேறு அணியினர் ஜூன் முதல் தேதியே எழுத்தில் கொடுத்திருந்தார்கள். அவர்கள் சொன்ன எதையும் நான் நம்பத் தயாராக இல்லை. இரண்டு மாதமாகக் கேட்ட அத்தனை மிரட்டலும் சேர்ந்து என் வாயில் அந்த ஒரு வாக்கியமாக வந்தது. ஆறுதலாகச் சொல்வதாகவே நினைத்துக்கொண்டு சொன்னேன்.

அவள் 2017 இலையுதிர் காலத்தில் கணவனோடும் மகனோடும் போர்ட்டோ பக்கம் திரும்பிப் போனாள். பையன் இங்கே பிறந்தவன், போர்ச்சுகீசியத்தைவிட ஆங்கிலம்தான் அவனுக்கு வரும். வீட்டை அவசரமாக விற்றார்கள். 2019-இல் குடியேற்றப் பதிவுத் திட்டம் வந்தது. ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு உரிமை கிடைத்தது. இருந்திருந்தால் அவளுக்கும் கிடைத்திருக்கும்.

என் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு, அதையும் எழுதுகிறேன். அந்த உரிமை தானாக வரவில்லை, விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது. கேமரனுக்குப் பின் பிரதமரான தெரசா மே 2016 கடைசிவரை உறுதி கொடுக்க மறுத்தார். வர்த்தக அமைச்சர் லியாம் ஃபாக்ஸ் இங்கிருந்த ஐரோப்பியர்களைப் பேரத்தில் கையிலுள்ள சீட்டு என்றே சொன்னார். ஆக நிச்சயமின்மை உண்மைதான். ஆனால் நான் “நிச்சயமில்லை” என்று சொல்லவில்லை. “அனுப்பிவிடுவார்கள்” என்றேன்.

ஜூன் 23

வடக்கு அயர்லாந்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை. 2016-இலும் கேட்கவில்லை.

அந்த ஆண்டு ஜூன் 9-இல், எதிரெதிர்க் கட்சிக்காரர்களான முன்னாள் பிரதமர்கள் ஜான் மேஜரும் டோனி பிளேரும் அங்கே டெரி நகருக்கு ஒன்றாகப் போய், வெளியேறினால், ஒன்றியத்திலேயே நீடிக்கும் அயர்லாந்து நாட்டுடனான எல்லை பெரும் சிக்கலாகும், அங்கே வன்முறையை முடித்துவைத்த அமைதி உடன்பாட்டுக்கே ஆபத்து என்று எச்சரித்தார்கள். 1998 உடன்பாட்டுக்காக உழைத்தவர்கள். அவர்களைவிட அதைச் சொல்லத் தகுதியானவர் யார்? வெளியேறு அணியினர் அதையும் பயமுறுத்தல் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் அந்த அணியின் தலைவர்களில் ஒருவரான மைக்கேல் கோவ், நிபுணர்களைக் கேட்டுக் கேட்டு மக்களுக்குச் சலித்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார்.

பிறகு என்ன ஆயிற்று? தெரசா மேயின் உடன்பாடு அந்த எல்லைச் சிக்கலில்தான் நாடாளுமன்றத்தில் மூன்று முறை தோற்றது. அவருக்குப் பின் பிரதமரான ஜான்சன் அந்த எல்லைக்காகப் போட்ட ஏற்பாட்டைத் திருத்த 2023-இல் வின்ட்சரில் இன்னோர் ஏற்பாடு தேவைப்பட்டது. அதிகம் ஊதாமல் சொன்ன எச்சரிக்கை இதுதான், நடந்ததும் இதுதான். ஆனால் அதற்கு முன்பே 4,300 என்றும், உடனடி மந்தம் என்றும், போர் என்றும் கேட்டு மக்கள் காதைப் பொத்திக்கொண்டுவிட்டார்கள். ‘புலி வருகிறது’ கதையில் கடைசியில் புலி வந்ததே, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

போர் என்று கேமரன் சொன்னாரா என்று தேடிப் பார்த்தேன். மே 9-இல் அருங்காட்சியக உரையில் ஐரோப்பாவின் அமைதி என்றென்றைக்கும் உறுதி என்று நம்மால் சொல்ல முடியுமா என்றுதான் கேட்டார். ‘மூன்றாம் உலகப்போர்’ என்பது எதிரிகளும் தலைப்புகளும் ஊதியது. நானும் எட்டு ஆண்டுகள் அவர் அப்படிச் சொன்னார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 30

“சுகாதார சேவைக்குப் பணம் கூடியதே, பேருந்து சொன்னது பலித்துவிட்டதே” என்கிறார் முதலில் கேள்வி கேட்டவர். கூடியது உண்மை. 2018-இல் அன்றைய பிரதமர் தெரசா மே அறிவித்தார். ஆனால் அது வரியிலிருந்தும் கடனிலிருந்தும் வந்த பணம், ஒன்றியத்திடமிருந்து மிச்சம் பிடித்ததல்ல. பொருளாதாரம் வளர்ந்திருக்க வேண்டிய அளவு வளராததால் வராமல் போன வரியும் கணக்கில் உண்டு. நீண்ட காலத்தில் உற்பத்தித்திறன், நீடித்திருந்தால் எவ்வளவு இருக்குமோ அதைவிட 4 சதவீதம் குறைவாக இருக்கும் என்றே அரசின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் இன்றும் கணக்கிடுகிறது.

குடியேற்றம் குறையும் என்றார்கள். 2015-இல் நிகர எண்ணிக்கை 3,33,000. அதைக் காட்டித்தான் மிரட்டினார்கள். 2022-இல் அதன் இரு மடங்குக்கும் மேல். எங்கள் வார்டில் போர்ச்சுகல், ஸ்பெயின் பெண்கள் இருந்த இடத்தில் இப்போது கேரளமும் தமிழ்நாடும் நைஜீரியாவும். நல்ல பிள்ளைகள். ஆனால் ‘நம் கறி உணவகங்களைக் காப்போம்’ என்று வெளியேறு அணியின் பிரீதி படேல் தெற்காசியச் சமையல்காரர்களுக்குக் கதவு திறக்கும் என்று வாக்குக் கேட்டாரே, 2024 ஏப்ரலில் அந்தக் கதவின் உயரம், அதாவது வேலை விசாவுக்குத் தேவையான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம், 38,700 பவுண்டாக ஆனது.

பக்கத்து முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கும் மார்த்தாண்டத்துப் பெண் ஒருத்தி ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வருவாள். மார்ச் 11 முதல் பராமரிப்பாளர்கள் குடும்பத்தை அழைத்து வர முடியாது என்று விதி வந்துவிட்டது. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி, “அக்கா, இப்போது இருக்கிறவர்களையும் அனுப்பிவிடுவார்களா?” என்று கேட்டாள். “எனக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் நாளைக்கே கேட்டுச் சொல்கிறேன்” என்றேன். மறுநாள் குடியேற்ற ஆலோசகர் ஒருவருக்குத் தொலைபேசி செய்தேன். மார்ச் 11-க்கு முன்பே விசா பெற்றவர்களுக்கு அந்த விதி பொருந்தாது என்றார். அவளிடம் அதை மட்டும் சொன்னேன்.

ஜூலை 6

தேர்தல் முடிந்துவிட்டது. எங்கள் தொகுதியில் ஃபராஜின் கட்சி வென்றிருக்கிறது. இது பற்றி வேறோர் இடத்தில் பேசுவோம்.

இந்தக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்ததால்தான் நேற்று இரவு போர்ச்சுகலுக்குப் பேசினேன். மூன்று ஆண்டுகளாகப் பேசவில்லை. மகனுக்குப் பதினாறு வயதாம், உயரத்தில் அப்பாவைத் தாண்டிவிட்டானாம். ஊர்ப் பேச்செல்லாம் முடிந்த பிறகு கேட்டேன். உடை மாற்றும் அறையில் நான் சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா, அதனால்தான் போனாயா என்று.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள். வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் மகனின் வகுப்பில் ஒரு பையன் அவனிடம், “நீ இனிமேல் பள்ளிக்கு வர மாட்டாய்” என்றிருக்கிறான். 24-ஆம் தேதி காலை ஐந்து மணிக்கு, கணவன் வேலை செய்த பொதிக் கூடத்தில் மேற்பார்வையாளர், “பெட்டியைக் கட்டு” என்று சிரித்திருக்கிறார். கணவன் அதைத் தொலைபேசியில் சொல்லி முடித்த பிறகுதான் அவள் மருத்துவமனைக்குக் கிளம்பினாள்.

“நீ மூன்றாவது ஆள்” என்றாள். “நீயாவது ‘இல்லை’ என்று சொல்வாய் என்றுதான் உன்னிடம் கேட்டேன்.”